ஆண்கள் நுழையாத தோட்டம்

மேலப்பாளையம்,
1911 ஜூலை 9

என் கூடப்பிறந்த தம்பி அகமது மீரானுக்கு ராத்தா மஹ்மூதா பீவி எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் மச்சான் பீர் முகம்மதுவும் சுகம். உன் உடம்புக்கும் கொழும்புக் கடையின் பரக்கத்துக்கும் தொழுகை தவறாமல் துஆ கேட்டு வருகிறேன்.

எல்லோரும் சுகம் என்று எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பொய் எழுத மனசு வரவில்லை. உன் பெண்டாட்டி ஆபிதா சுகமாக இல்லை. உங்கள் பிள்ளை நூகு மவுத்தாகி இரண்டு வருடம் ஆகப்போகிறது. பிள்ளையின் மய்யித்து வாசலைத் தாண்டிய நாளிலிருந்து அவள் வாசலைத் தாண்டவில்லை. உள்ளறையில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கிடக்கிறாள். சாப்பிடு என்றால் சாப்பிடுகிறாள், எழுந்திரு என்றால் எழுந்திருக்கிறாள். தானாக ஒரு வார்த்தை பேசுவது கிடையாது.

பாளையங்கோட்டையிலிருந்து மிஷன் டாக்டரம்மாவை வரவழைத்தேன். அந்த அம்மாள் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, “மருந்து தருகிறேன். ஆனால் இந்தப் பெண்ணுக்கு வேண்டியது காற்றும் வெளிச்சமும் நடையும். இப்படியே அடைத்து வைத்தால் அடுத்த கோடையைத் தாண்டமாட்டாள்” என்றார்கள்.

காற்றுக்கு எங்கே போக? ஆம்பிளைகளுக்கு ஆற்றங்கரை இருக்கிறது, பள்ளிவாசல் இருக்கிறது, கடைத்தெரு இருக்கிறது. நமக்கு இருப்பது முடுக்கு. துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு அந்தச் சந்து வழியே அடுத்த வீட்டுக்குப் போய், அங்கே வேறொரு சுவரைப் பார்த்து உட்கார வேண்டியதுதான். கால்வாய்க் கரையில் வாப்பா விட்டுப்போன நிலம் உடைமுள் மண்டிக் கிடக்கிறது. சுற்றிச் சுவர் எழுப்பி நாலு மரம் வைத்தால் பெண்கள் உலாவ ஆகாதா என்று எனக்கு ஒரு யோசனை. நீ வந்தால் கலந்து பேசலாம். நீ கப்பலேறி மூன்று வருடமாகிறது. அன்றைக்குத் தந்தி கிடைத்தும் நீ வரவில்லை. குறை சொல்லவில்லை. இப்போது வா என்கிறேன்.

உன் முகம் பார்க்க ஏங்கும்
ராத்தா மஹ்மூதா


கொழும்பு,
1911 ஆகஸ்டு 2

மரியாதைக்குரிய ராத்தா அவர்களுக்கு, ஸலாம். அல்லாஹ் காவலில் நான் நலம். மச்சானின் முழங்கால் வலி தேவலையா? இங்கிருந்து அனுப்பிய தைலத்தைத் தடவுகிறார்களா?

தங்கள் கடிதம் படித்து அன்று கடையில் எனக்குக் கணக்கு ஓடவில்லை. யோசனை மிகவும் நல்லது. இந்தப் பட்டணத்தில் வெள்ளைக்காரர்கள் பெரிய பூங்கா ஒன்று வைத்திருக்கிறார்கள். சாயங்காலமானால் அவர்கள் வீட்டுப் பெண்கள் அங்கே உலாவுவதைப் பார்த்திருக்கிறேன். நம் பெண்களுக்கு மட்டும் அது ஏன் கூடாது? வாப்பா நிலம் முழுவதையும் பெண்கள் தோட்டமாக்கிவிடுவோம். நம் வீட்டுக்கு மட்டும் அல்ல, ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும். உள்ளே ஓர் ஆணும் நுழையக்கூடாது. ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு சுவர் வேண்டும். நடுவில் தண்ணீர் பீச்சும் ஊற்று, சுற்றிலும் பச்சைப் புல்வெளி, வட்ட வட்டமாகப் பூப்பாத்தி, ஒரு மூலையில் பாண்டு வாத்திய மேடை. பாளையங்கோட்டை இஸ்ரவேல் மேஸ்திரியைப் பிடித்துப் படம் போடச் சொல்லவும். செலவைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

வீட்டில் உள்ளவர்களுக்கு என் ஸலாம் சொல்லவும்.

தங்கள் தம்பி
அகமது மீரான்


மேலப்பாளையம்,
1911 செப்டம்பர் 30

என் தம்பி அகமது மீரானுக்கு ராத்தாவின் ஸலாமும் பெருநாள் வாழ்த்தும். நோன்பு நல்லபடியாக முடிந்தது. மச்சான் தைலத்தைத் தடவுகிறார், கூடவே நொண்டவும் செய்கிறார்.

நீ சரி என்று எழுதியதும் எனக்கு ஆகாயத்தில் பறக்கிற மாதிரி ஆகிவிட்டது. ஆனால் உன் படத்தை அப்படியே வைத்துக் கட்டினால் ஊர் சிரிக்கும். பாண்டு மேடை எதற்கு? உன் மச்சான் முக்காடு போட்டுக்கொண்டு வந்து தமுக்கு அடிக்கவா? புல்வெளி போட்டால் பங்குனி வெயிலில் ஆடுகூடத் திரும்பிப் பார்க்காது. ஆற்றிலிருந்து வண்டி வண்டியாக மணல் கொண்டுவந்து பரப்பச் சொல்லியிருக்கிறேன். பெண்கள் உட்கார்ந்து பேச மணல்தான் சுகம். ஊற்று வேண்டாம், கிணறு போதும். பூவைவிட நிழல் முக்கியம் என்று வேம்பும் நாவலும் வைக்கிறேன். பழைய புங்கமரம் ஒன்று அங்கேயே நிற்கிறது, அதை வெட்டக்கூடாது என்று சொல்லிவிட்டேன். வாசலுக்கு நேர் உள்ளே ஒரு மறைசுவர் உண்டு. கதவு திறந்தாலும் தெருவில் போகிறவன் கண்ணில் எதுவும் படாது.

நான் வேலை வாங்குகிற அழகைக் கேள். இஸ்ரவேல் மேஸ்திரி கூடத்தில் உட்காருவார். நான் திரைக்கு இந்தப் பக்கம். உன் மச்சான் நடுவில் உட்கார்ந்து என் பேச்சை அவருக்கும் அவர் பேச்சை எனக்கும் சொல்லுவார். எங்கள் இரண்டு பேர் காதும் நன்றாகத்தான் இருக்கிறது. படத்தைப் பார்த்து எனக்கு நீளம் அகலம் பிடிபடவில்லை. தறிப்பாவு நூலை எடுத்துத் தரையில் முளையடித்துக் கட்டிக் காட்டினேன். மேஸ்திரி எட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, இந்தப் பாதைய அம்மா சொல்லுத மாதிரியே வளைச்சிருவோம், நல்லாத்தான் இருக்கு” என்றார்.

ஒன்று கேட்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஒரு மூலை ஒதுக்கி ஊஞ்சல் போடலாம் என்கிறார் மேஸ்திரி. எந்த மூலை என்று நீ சொல்.

நீ ‘வீட்டில் உள்ளவர்களுக்கு ஸலாம்’ என்று எழுதுகிறாய். வீட்டில் நானும் இருக்கிறேன், உன் மச்சானும் இருக்கிறார், இரண்டு வெள்ளாடும் இருக்கின்றன. ஆபிதாவுக்கு என்று பேர் சொல்லி எழுதினால் ஊர் என்ன, தலையையா வாங்கிவிடும்?

அன்புள்ள
ராத்தா


கொழும்பு,
1911 நவம்பர் 18

அன்புள்ள ராத்தா அவர்களுக்கு, ஸலாம். நான் நலம். பதில் தாமதமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளவும். கடையில் சரக்கு வந்து இறங்கிய நேரம்.

மணல், கிணறு, மறைசுவர் எல்லாம் தாங்கள் சொன்னபடியே நடக்கட்டும். பாண்டு மேடையை விட்டுவிடுகிறேன். இலையில் வண்ண வண்ணக் கோடு போட்ட குரோட்டன் கன்றுகள் அடுத்த கப்பலில் தூத்துக்குடிக்கு வருகின்றன. கூடையை அவிழ்த்ததும் வேரில் தண்ணீர் தெளிக்கவும். உட்காரக் கல் மேடைகள் போட்டால் சாய்வு வைத்துப் போடச் சொல்லவும். வயதான பெண்களுக்கு முதுகு வலிக்கும்.

ஊஞ்சல் வேண்டாம். தோட்டம் பெரியவர்கள் உலாவுவதற்கு மட்டும்.

வீட்டில் உள்ளவர்களுக்கு ஸலாம்.

தம்பி
அகமது மீரான்


மேலப்பாளையம்,
1911 டிசம்பர் 10

என் தம்பிக்கு ராத்தாவின் ஸலாம். ஹஜ்ஜுப் பெருநாளன்று உனக்குப் பிடித்த வட்டலப்பம் அவித்து உன் பேரைச் சொல்லிப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். மழையில் நனைந்து அலையாதே.

மழை இந்த வருடம் விடாமல் பிடித்துக்கொண்டது. பாளையங்கால்வாய் கரை தளும்ப ஓடுகிறது. கட்டின சுவரில் ஒரு பக்கம் கரைந்து மறுபடியும் கட்டினார்கள். கன்றுகள் வந்து சேர்ந்தன. தெருப் பெண்கள் அவற்றை யாரோ சாயம் தோய்த்து அனுப்பியதாக நினைத்து இலையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்க்கிறார்கள்.

ஊஞ்சல் வேண்டாம் என்றாய். சரி, போடவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். உன் கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். இந்த இரண்டு வருடத்தில் ஒன்றில்கூட நூகு பேர் இல்லை. அவள் அறைக்குள்ளே வாய் திறப்பதில்லை, நீ கடிதத்துக்குள்ளே வாய் திறப்பதில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து நான் சுவர் கட்டிக்கொண்டிருக்கிறேன். கோபப்படாதே. பெற்ற தகப்பன் மனசு எனக்குப் புரியாமல் இல்லை.

தையில் வேலை முடிந்துவிடும். திறப்பு நாளுக்கு நீ வா. ஆபிதாவுக்கு இருமல் கூடியிருக்கிறது.

கண்ணீருடன்
ராத்தா


கொழும்பு,
1912 ஜனவரி 14

அன்புள்ள ராத்தா அவர்களுக்கு, ஸலாம். நலம்.

வர இயலவில்லை. கடையைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் இல்லை. எனக்காகக் காத்திருக்காமல் நல்ல நாள் பார்த்துத் திறந்துவிடவும். வரும் பெண்களுக்கு என் செலவில் நன்னாரி சர்பத்து கொடுக்கவும். வீட்டில் உள்ளவர்களின் இருமலுக்குக் கசாயம் அனுப்புகிறேன். திறந்த அன்றே எனக்கு எழுதவும்.

தம்பி
அகமது மீரான்


மேலப்பாளையம்,
1912 பிப்ரவரி 20

தம்பி அகமது மீரானுக்கு ஸலாம். சுகம் விசாரிக்க இன்றைக்குத் தெம்பில்லை. நீ சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நேற்றுத் திறந்தோம். அஸர் தொழுகைக்குப் பிறகு பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். மறைசுவரைத் தாண்டியதும் துப்பட்டியைக் கழற்றி அதன்மேலேயே போட்டார்கள். கிழவிகள்கூட ஓடிப் பார்த்தார்கள். ஒருத்தி வானத்தை அண்ணாந்து பார்த்து, “எம்புட்டு பெருசா இருக்கு!” என்றாள். நான் ஆபிதாவைக் கைப்பிடியாகக் கூட்டிப்போனேன். வரமாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. மணலில் கால் வைத்தவள் நின்று, குனிந்து, கையால் தொட்டுப் பார்த்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அப்போது தலைக்கு மேலே கலயம் இடிபடுகிற சத்தம். பார்த்தால் சுவருக்கு அந்தப் பக்கம், ஆவுடைநாயகம் பிள்ளையின் பனைவிளையில் வரிசையாக நிற்கிற மரங்களில் ஒன்றின் உச்சியில் பனையேறி பூதத்தான் உட்கார்ந்து பதநீர் இறக்குகிறான்.

“அல்லாவே, மேல ஆளு!” என்று யாரோ அலறினாள். அவ்வளவுதான். யார் துப்பட்டி யார் தலையில் என்று இல்லாமல் ஓட்டம். சர்பத்துப் பானை உருண்டது. பாவம், அவனும் மிரண்டுபோனான். “நான் ஒண்ணும் பாக்கல தாயே, கண்ண மூடிக்கிட்டுதான் இறங்குதேன்!” என்று கத்திக்கொண்டே இறங்கினான். கண்ணை மூடிக்கொண்டு யாராவது பனை இறங்குவார்களா? மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

நாம் சுவர் கட்டியது ஐப்பசியிலிருந்து தை வரை. அந்த மாதங்களில் பனையேற்றம் கிடையாது. மரம் சும்மா நின்றது. மாசி பிறந்தால் காலையும் மாலையும் அதில் ஆள் ஏறுவான் என்று, பிறந்ததிலிருந்து பதநீர் குடித்து வளர்ந்த நம் ஒருவருக்கும் தோன்றவில்லை. இஸ்ரவேல் மேஸ்திரி தலையில் அடித்துக்கொள்கிறார்.

ஓட்டத்தில் ஆபிதா கீழே விழுந்துவிட்டாள். பலத்த அடி இல்லை. ஆனால் பழையபடி உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். இனிமேல் அவளை எழுப்ப என்னால் ஆகாது என்று பயமாக இருக்கிறது. தோட்டத்தைப் பூட்டித் தறிப்பாவு காயப்போட விடலாம் என்று தெரு ஆம்பிளைகள் சொல்லிச் சிரிக்கிறார்கள். கோடை வந்துகொண்டிருக்கிறது, தம்பி.

மஹ்மூதா


கொழும்பு,
1912 மார்ச்சு 3

ராத்தா அவர்களுக்கு, ஸலாம்.

பூட்ட வேண்டாம். சுவரை ஒட்டி நிற்கும் பனைகள் அத்தனையையும் விலை பேசி வெட்டிச் சாய்க்கவும். ஆவுடைநாயகம் பிள்ளை என்ன கேட்டாலும் கொடுக்கலாம். ஒரு வாரத்துக்குள் முடிய வேண்டும். அவளுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது.

அகமது மீரான்


மேலப்பாளையம்,
1912 ஏப்ரல் 2

என் உயிர்த் தம்பிக்கு ராத்தாவின் ஸலாம். நாங்கள் எல்லோரும் சுகம். இந்தத் தடவை எல்லோரும் என்றால் எல்லோரும்தான்.

போன கடிதத்தில் முதல் முறையாக ‘அவளுக்கு’ என்று எழுதினாய். வெள்ளாட்டுக்கு இல்லை என்று புரிந்துகொண்டேன்.

பிள்ளை மரத்தைக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார். கோடாலிக்காரர்களுக்கும் சொல்லியாயிற்று. அந்தச் சேதி கேட்டு பூதத்தான் நம் வாசலில் வந்து நின்றான். உன் மச்சானிடம், “மரம் பிள்ளைவாளோடதுதான், நான் இல்லங்கல. இந்த வருசம் இதுல ஏறித்தான் எம் புள்ளைவளுக்குக் கஞ்சி ஊத்துதேன். இத வெட்டிப்புட்டா நான் எங்கன போவேன் அண்ணாச்சி?” என்றான். உன் மச்சான் உள்ளே வந்து என் முகத்தைப் பார்த்தார். அவன் சொல்வது நியாயம்தான், ஆனால் ஆபிதா உயிர் எனக்குப் பெரிது.

திரும்பிப் பார்த்தால் அவள் உள்ளறை நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். “மைனி, மரத்த வெட்டச் சொல்லாதிய.”

கேட்காமல் அவளாகப் பேசிய பேச்சு. நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“வெட்டலேன்னா நீ எப்படிட்டி அங்கன போவ?” என்றேன்.

“நம்ம வீட்டுல ஆம்பளைய உள்ள வரையில இருமிக்கிட்டு வாரதில்லையா? அது மாதிரி அவரு ஏறும்போது ஒரு குரல் குடுக்கட்டும். நாம முக்காட்ட இழுத்துக்கிடுவோம். இறங்கினதும் இன்னொரு குரல். இதுக்குப் போயி மரத்த வெட்டுவாவளா? அந்தப் புள்ளைய என்னத்தத் திங்கும்?” என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். இத்தனை நாளில் அழுகையும் அன்றைக்குத்தான் வந்தது. நான் அழவிட்டேன்.

கோடாலியை வேண்டாம் என்றுவிட்டோம். மறுநாள் அவளும் நானும் மட்டும் போனோம். “மரமேறுதேன் தாயே!” என்று சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது, முக்காட்டை இழுத்துக்கொண்டோம். “இறங்கிட்டேன் தாயே!” என்றது, விலக்கிக்கொண்டோம். ஒரு வாரம் நாங்கள் இரண்டு பேர்தான். பிறகு ஒவ்வொருத்தியாக வந்தாள். இப்போது சாயங்காலம் உட்கார மணலில் இடம் இல்லை.

உன்னிடம் மறைக்கக்கூடாது. புங்கமரத்தில் ஊஞ்சல் கட்டியாயிற்று. நான் கட்டவில்லை, அவள் கயிறு கேட்டு வாங்கித் தன் கையால் கட்டினாள். தெருப் பிள்ளைகளை அவளே ஆட்டிவிடுகிறாள்.

அன்புள்ள
ராத்தா


மேலப்பாளையம்,
1912 ஜூன் 5

மச்சான் அவர்களுக்கு ஆபிதா ஸலாம் சொல்லி எழுதிக்கொண்டது. நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் சுகம் அறிய ஆசை. எனக்கு அரபு எழுத்தில் தமிழ் எழுதுகிற அரபுத்தமிழ்தான் வரும், அதனால் அதில் எழுதுகிறேன். புருசனுக்குப் பெண்டாட்டி கடிதம் எழுதுவது நம் வீட்டில் வழக்கமில்லை. மைனிதான் எழுது என்று காகிதத்தைக் கையில் கொடுத்தார்கள். ஏப்ரலில் அவர்கள் எழுதியதற்கு உங்களிடமிருந்து பதில் இல்லை. ஊஞ்சல் கட்டியது உங்களை நோகடித்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் அதில் பிள்ளைகளை வைத்து ஆட்டும்போது நம் பிள்ளை வயசுப் பையன் ஒருத்தன் “வேகமா, இன்னும் வேகமா” என்றான். நான் பையவே ஆட்டினேன். இப்போது வேகமாகவே ஆட்டுகிறேன். இருமல் நின்றுவிட்டது. டாக்டரம்மா வந்து நெஞ்சைப் பார்த்துவிட்டு, தோட்டத்தையும் சுற்றிப் பார்த்துவிட்டு, இது நல்ல ஆஸ்பத்திரி என்று சொல்லிச் சிரித்தார்கள். கோடையும் போய்விட்டது.

நீங்கள் கட்டிக்கொடுத்த இடம் எனக்கு உயிர் கொடுத்தது. அதை உங்கள் கண்ணில் காட்ட எனக்கு ஆசை. ஆனால் ஆண்கள் உள்ளே வரக்கூடாது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். நான் ஒவ்வொரு நாளும் வந்து, எந்த மரம் தளிர்த்தது, எந்தக் கல்லில் யார் உட்கார்ந்தார்கள் என்று உங்களுக்குச் சொல்லத்தான் முடியும்.

அதுபோல நீங்களும் எனக்கு ஒன்று சொல்ல வேண்டும் மச்சான். நம் ஊரில் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. நூகுவைத் தூக்கிக்கொண்டு போனார்கள், நான் வாசலோடு நின்றுவிட்டேன். அவன் கபர் எங்கே இருக்கிறது, மேலே நிழல் உண்டா, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று எனக்கு ஒன்றும் தெரியாது. மைனி வீட்டு மச்சானிடம் நான் எப்படிக் கேட்பேன்? மைனி மூலமாகக் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. கேட்கக்கூடிய ஆள் நீங்கள் ஒருத்தர்தான். உங்களுக்கு அங்கே போக முடியும். போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்லுங்கள். அழாமல் கேட்டுக்கொள்வேன் என்று சொல்லமாட்டேன். இரண்டு பேரும் அழுதால் என்ன?

நூகுவின் உம்மா
ஆபிதா


கொழும்பு,
1912 ஜூன் 17

ஆபிதாவுக்கு, உன் மச்சான் அகமது மீரான் ஸலாம் சொல்லி எழுதுவது.

உன் கடிதத்தைக் கடைக்குள்ளே வைத்துப் படிக்க முடியவில்லை. கதவைச் சாத்திவிட்டுப் படித்தேன். நூகு, நூகு என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். தந்தி வந்த நாளிலிருந்து அந்தப் பேரை நான் வாயால் சொன்னதில்லை. ஊருக்கு வராதவரைக்கும் அவன் அங்கே ஓடியாடிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்ள முடிந்தது. அதனால்தான் வரவில்லை. கடை ஒரு சாக்கு. உன்னைத் தனியாக அழ விட்டுவிட்டேன். அழக்கூட விடவில்லை.

ஊஞ்சல் இருக்கட்டும். இன்னொன்றும் கட்டு.

அடுத்த வாரக் கப்பலில் வருகிறேன். தூத்துக்குடியில் இறங்கி ரயிலேறி, ஸ்டேஷனிலிருந்து நேராக வீட்டுக்கு வரமாட்டேன். முதலில் மையவாடிக்குப் போய் அவனைப் பார்த்துவிட்டு, பிறகு உன்னிடம் வருகிறேன். பீர் முகம்மது மச்சானை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிவை. அவரில்லாமல் என்னால் போக முடியாது. என் பிள்ளை எங்கே படுத்திருக்கிறான் என்று எனக்கும் தெரியாது, ஆபிதா.

நூகுவின் வாப்பா
அகமது மீரான்